கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று டீச்சரைப் பார்க்கும்வரை நான் யோசித்ததே இல்லை. நாமெல்லாம் கேட்போம். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் அதையும் நாமே சொல்லிவிடுவோம். "சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்ப" என்று முடித்துக்கொண்டு நடையைக் கட்டுவோம். டீச்சர் அப்படியில்லை. கேட்டால் கேட்டதுதான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாதவர் போல உட்கார்ந்திருப்பார்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. நாலு பேர் முன்னால் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலே, "சரி சரி, பிள்ளையப் பாருங்க" என்று எழுந்து போய்விடுகிறவர். கீழச்சிவல்பட்டிப் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பெண். அந்த வழக்கப்படி ஊரில் சிலர் ஆச்சி என்றார்கள், எங்களுக்கு டீச்சர். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஆனால் வேலை பார்த்தது காரைக்குடியில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் வளாகத்தில், பங்குச் சாமியார் ஒதுக்கிக் கொடுத்த ஒற்றை அறையில். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பேச்சு வராத பிள்ளைகள், ஒரு இடத்தில் உட்காராத பிள்ளைகள், மற்ற பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிள்ளைகள் எல்லாம் அந்த அறைக்குத்தான் வந்தார்கள். என் மகன் அமலும் அதில் ஒருவன். ஆட்டிசம் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது டீச்சர் வாயால்தான்.

ஒரு பிள்ளையிடம், "டம்ளர் எங்க?" என்று கேட்பார். பிள்ளை ஜன்னலைப் பார்க்கும், விரலைப் பார்க்கும், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றும். பெற்றவர்களுக்குப் பொறுக்காது. "அந்தா இருக்குடா, பெஞ்சு மேல" என்று வாயைத் திறப்போம். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார்.

"அவன் காதுல விழுந்துருச்சு. அது உள்ள போயி, தேடி, எடுத்துக்கிட்டு வெளிய வரணும்ல. வழியில நின்னு மறிக்காதீக."

சில நாள் பதில் வரும். சில நாள் வகுப்பே முடிந்துவிடும். அப்போது, "இன்னைக்கு வரல, நாளைக்குக் கேப்போம்" என்று சொல்லிவிட்டு அதே டம்ளரில் தண்ணீர் மொண்டு குடிப்பார். முகத்தில் அலுப்பு இருக்காது.

இதையே பெரியவர்களிடமும் செய்ததில்தான் சிக்கல். அமலைச் சேர்க்கப் போன முதல் நாள் என்னிடம், "இவனோட வெளிய போனா உங்களுக்கு வெக்கமா இருக்கா அண்ணே?" என்று கேட்டார்.

"சேச்சே. என் பிள்ளை டீச்சர்."

தலையாட்டவும் இல்லை, அடுத்த கேள்விக்குப் போகவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மின்வாரியத்தில் வயர்மேன். மேலே மின்விசிறி ஆடுவது கண்ணில் பட்டது. "ஃபேன் ஆடுது டீச்சர். ஒரு நாள் வந்து சரி பண்ணித் தாரேன்" என்றேன். "நல்லது" என்றார். மறுபடியும் அதே பார்வை. வியர்த்துவிட்டது எனக்கு.

"பஸ்ஸுல போனா இருக்கு" என்றேன் கடைசியில். "பூசையிலயும் இருக்கு. வீட்டுல இல்ல."

"அப்ப பஸ்ஸுலயிருந்து ஆரம்பிப்போம்" என்று எனக்கு ஒரு பாடம் நடத்தினார். பேருந்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் தலையைக் குனியக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம், இவனுக்குச் சத்தம் ஒத்துக்காது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொல்ல வேண்டும். மறைக்கிற குரலில் சொன்னால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். செய்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பங்குக் கூட்டத்தில் ஒரு தடவை எழுந்து, "இந்தப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை எப்ப சாமி குடுப்பீக?" என்று கேட்டார். புதுநன்மை என்றால் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவது. நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒரு அம்மாள் திவ்விய நற்கருணைக்கு நியாயம் கேட்கிறார். சாமியார், "பாப்போம்மா" என்றார். டீச்சர் உட்காரவில்லை. "மறைக்கல்வி படிக்காம எப்படி..." என்று சாமியார் இழுத்தார். டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், "சரி, வர்ற வருசம்" என்றார் சாமியார். பிறகு என்னிடம் சொன்னார், "பாவசங்கீர்த்தனத் தொட்டியில ஊரு பாவத்தையெல்லாம் கேட்டுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கேன்ப்பா. இப்படி வேர்த்ததில்ல."

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தன் மகளை வகுப்பிலிருந்து நிறுத்தியே விட்டார். "பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தாங்கன்னா குடும்பத்தத் தோண்டுறாக" என்று கோயில் வாசலில் சத்தம் போட்டார். அவர் கோபத்துக்குக் காரணம், டீச்சர் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால் தாய்மாரைப் பார்ப்பார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நின்றதும் முதல் கேள்வி, "ராத்திரி தூங்குனீகளா?" என்பதுதான்.

"பிள்ளைக்கு என்னன்னு கேளுங்க டீச்சர்" என்று யாராவது சொன்னால், "இவனுக்கு நான் ஒரு பொழுதுக்குத்தான் டீச்சர். மிச்சப் பொழுதெல்லாம் இவுகதான். அந்த டீச்சருக்கு லீவும் கிடையாது, ஒத்தாசையும் கிடையாது. அவுக விழுந்தா நான் என்னத்தச் சொல்லிக்குடுத்து என்ன?" என்பார்.

என் மனைவி ஜெபமாலையிடமும் தினமும் இப்படித்தான் கேட்டார். அவள் கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள். வாயாடி. அமலுக்கு நாலு வயதாகியும் பேச்சு வராமல் போனபோது பாட்டை விட்டாள். எட்டு வயதானபோது பேச்சையும் ஏறக்குறைய விட்டிருந்தாள்.

அந்த வருசம் சாம்பல் புதனன்று ஒருசந்தி தொடங்கினாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பது எங்கள் வீடுகளில் வழக்கம்தான். ஈஸ்டர் வந்தது. கறிக்குழம்பு வைத்து எனக்கும் மகனுக்கும் போட்டாள். தான் உட்காரவில்லை.

"அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை இருக்கேன்" என்றாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி."

"அதுக்கும் சேத்துத்தான்."

செவ்வாய்கள் முடிந்ததும் முதல் வெள்ளி வந்தது. பிறகு இருதயத் திருநாள். எங்கள் திருவழிபாட்டு நாள்காட்டியில் விரதத்துக்குக் காரணம் கிடைக்காத நாளே கிடையாது. ஒரு வேளை என்பது அரை வேளையானது, பிறகு இரண்டு கைப்பிடியானது. தோள் எலும்பு சேலைக்கு மேலே தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தை நடத்துகிறவர். "பெத்த பிள்ளைக்காக உடம்பையே காணிக்கையாக் குடுக்குறா. நம்மளால ஆகுமா?" என்று கூட்டத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். மற்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். அவளுடைய பக்தியில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நினைத்தேன். எங்களைப் போன்ற பக்தியுள்ள ஆட்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். பக்தி இல்லாத வீடாக இருந்தால் அந்த உடம்பைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

டீச்சரும் முதலில் ஏமாந்தார். "சாப்டீகளா?" என்று கேட்பார். "ஒருசந்தி டீச்சர்" என்று அவள் சொல்வாள். விரதத்துக்கு மரியாதை கொடுக்கிற பெண், அதனால் மேலே கேட்கமாட்டார். ஆகஸ்டு மாதம் ஒரு மத்தியானம், வகுப்பு முடிந்ததும் தன் மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் இரவு வேலை முடித்து வீட்டில் இருந்தேன். ஆரோக்கியம் அக்காவும் இருந்தார். அமல் வாசல் சுவரில் இருக்கும் மின்சார மீட்டருக்கு முன்னால் நின்று, கண்ணாடிக்குள் சுற்றும் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனுக்குத் தினப்படி வேலை.

டீச்சர் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்தார். எதிரே ஜெபமாலை.

"இன்னைக்கு எந்தச் சாமிக்கு?"

"மாதா பரலோகத் திருநாள் வருதுல்ல ஆச்சி, அதுக்கு நேந்துக்கிட்டு..." என்று ஆரோக்கியம் அக்கா தொடங்கினார்.

"உங்களக் கேக்கல அக்கா." குரலில் கோபம் இல்லை. ஜெபமாலை பக்கம் திரும்பினார். "நானும் நோன்பு இருக்கிறவதான். எங்க பிள்ளையார் நோன்புக்கு இருபத்தோரு நாள். கடைசி நாளு மாவுப் பிள்ளையார்ல திரியக் கொளுத்தி, சுடரோட வாயில போட்டு முழுங்குவோம். அதோட நோன்பு முடிஞ்சது, நல்லாச் சாப்பிடுவோம். உங்க ஆளுகளுக்கும் நாப்பது நாளு, பெறகு பெருநாள். நோன்புன்னா முடியிற நாள்னு ஒன்னு இருக்கும். உங்களது எப்ப முடியும் ஜெபமாலை?"

கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெபமாலை தரையைப் பார்த்தாள். நான் பேச வாயெடுத்தேன். உள்ளங்கை எழுந்தது. அக்கா எழுந்து, "நல்லா இருக்கு. பட்டினி கிடக்குறவளப் பிடிச்சுப் போலீஸ் விசாரணை" என்று சொல்லிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனார். நான் போட்டுக்கொடுத்த டீயில் ஆடை படிந்தது. அமல் மீட்டரை விட்டு வந்து அம்மாவின் முதுகில் முதுகை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தான், பிறகு எழுந்து போனான். முற்றத்தில் கிடந்த வெயில் சுவரில் ஏறிவிட்டது. டீச்சர் அசையவில்லை. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"இவன் அம்மான்னு கூப்புடுற அன்னைக்கு" என்றாள் ஜெபமாலை.

எனக்குத் தெரியாது. மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, மகன் அம்மா என்று கூப்பிடும்வரை வயிறாரச் சாப்பிடமாட்டேன் என்று பொருத்தனை செய்திருக்கிறாள். முடியும் நாள் இல்லாத ஒருசந்தி. அத்தனை திருநாட்களும் அதை மூடி வைத்த துணி.

வேறு யாராக இருந்தாலும், கூப்பிடுவான், கவலைப்படாதே என்று சொல்லியிருப்பார்கள். என் நாக்கு நுனியில் அதுதான் இருந்தது.

"கூப்புடலாம். கூப்புடாமலும் போகலாம்" என்றார் டீச்சர். "எனக்குத் தெரியாது. உங்களத் தேடுறான், அது எனக்குத் தெரியும். இப்ப வந்து சாஞ்சுட்டுப் போறான்ல." கொஞ்சம் பொறுத்து, டம்ளர் எங்கே என்று கேட்கும் அதே குரலில் கேட்டார். "கூப்புடலைன்னா இப்படியே போயிச் சேந்துரலாம்னு நினைக்கிறீகளா?"

"டீச்சர்" என்றேன் நான். இப்படி ஒரு வார்த்தையை வீட்டுக்குள் வைத்துக் கேட்பார்களா?

இந்தப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. "ஆமா டீச்சர்" என்றாள் ஜெபமாலை. "நான் போயிட்டா வேற யாராச்சும் வந்து இவனப் பேச வச்சிருவாக."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னீகளே, அது நல்லது. இது பக்தி இல்ல ஜெபமாலை. சீக்கு. ரெண்டு பேரு செய்யிற வேலைய ஒத்தையாச் செஞ்சதுல வந்த சீக்கு. இதுக்கு வைத்தியம் இருக்கு." பிறகு என்னிடம், "அண்ணே, எங்கள்ல நேந்துக்கிட்டது முடியலைன்னா பரிகாரம் உண்டு. உங்கள்ல என்ன? சாமியார் மாத்திக் குடுக்கலாமா?"

சின்ன வயதிலிருந்து பூசைக்கு உதவியவன் நான். தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன். விசயத்தைக் கேட்டதும் சாமியார் தோளில் போடும் ஸ்டோலை மடித்து எடுத்துக்கொண்டு, என் பின்னாலேயே கிளம்பி வந்தார். ஜெபமாலையை உட்காரவைத்து, தலையில் கை வைத்துச் செபித்தார்.

"பொருத்தனைய மாத்துற அதிகாரம் எனக்கு இருக்கும்மா. நீ நேந்தது இந்த நிமிசத்தோட முடிஞ்சது. மாதா பேரால வேற ஒன்னு தாரேன். தினம் மூணு வேளையும் உக்காந்து சாப்பிடணும். சாப்பிடுமுன்ன ஒரு மங்கள வார்த்தை செபம். டாக்டர் சொல்றத மீறக் கூடாது. இதுல ஒரு வேளை தப்புனாலும் எங்கிட்ட வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"எதுவரைக்கும் சாமி?" என்றாள்.

சாமியார் யோசித்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்ற ஈஸ்டர் வரைக்கும்" என்றார் சாமியார் அவசரமாக.

அன்று ரசச்சோறு இரண்டு வாய் இறங்கியது. "போதும், மெதுவா" என்றார் டீச்சர். அந்த வாரமே மதுரைக்கு மனநல டாக்டரிடம் போனோம். டீச்சரும் வந்தார். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் வெளியே கூட்டம். மாத்திரை எழுதிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். "இதப் போட்டா பகல்ல தூக்கம் வருமா சார்? வீட்டுல பிள்ளைய யாரு பாப்பா?" என்று டீச்சர் கேட்டார். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளையைப் பற்றி முதலிலிருந்து விசாரித்தார். மாத்திரையை இரவுக்கு மாற்றினார்.

அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு டீச்சர் தானாகவே வந்தார். "ஜெபமாலைக்கு உடம்பு சரியில்ல, மனசுல சீக்கு. வாரத்துல ஒரு நாளு அமலை யாரு வச்சுக்குவீக?" என்றார். மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பாடக்கூடிய கூட்டம் அது. ஒரு சத்தம் இல்லை. சுவரில் இருந்த இருதயப் படத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"செவ்வாய்க்கிழம நான்" என்றது ஒரு குரல். ஆரோக்கியம் அக்கா. "இப்படி உத்து உத்துப் பாக்காதீக ஆச்சி, சொல்லிட்டேன்ல." பிறகு இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். அக்கா வீட்டு மீட்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதனால் அமலுக்குச் செவ்வாய்க்கிழமை பிடித்துப்போனது.

ஒரே ஏற்றமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கார்த்திகை மழையில் ஜெபமாலை மறுபடி படுத்துவிட்டாள். ஒரு வாரம் மாத்திரையை விழுங்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். டீச்சர் தினமும் மத்தியானம் வந்து அதே அடுப்படி நிலைப்படியில் உட்கார்வார். "முழுங்குனீகளா?" என்பார். அவள், "ஆமா" என்பாள். டீச்சர் பேசாமல் இருப்பார். ஒரு நாள் அவளே முடிச்சை அவிழ்த்து அவர் கையில் கொட்டினாள். டீச்சர் திட்டவில்லை. என்னை மறுபடி மதுரைக்குப் பேருந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அந்த மத்தியானங்களில் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போய் எப்போது சாப்பிட்டார், அவரை அங்கே யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

சில வருடம் கழித்து அவர் கணவருடைய தொழிலுக்காகக் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். தினமும் இரவு செபமாலை மணி உருட்டி முடித்ததும் அவருக்காக ஒரு செபம் சொல்கிறேன். சிவனைக் கும்பிடுகிறவருக்காக வேதக்காரன் வேண்டினால் ஆண்டவர் ஏன் என்று கேட்கமாட்டார். அமல் இன்றுவரை அம்மா என்று சொன்னதில்லை. பசித்தால் அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போவான். அதுவே போதும் என்று அவள்தான் சொல்கிறாள், நான் சொல்லிக்கொடுத்ததல்ல.

அந்த ஈஸ்டர் முடிந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாமியார் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. இனிமேல் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவள் இஷ்டம். எனக்கு உள்ளூரப் பயம். டீச்சருக்கும் இருந்திருக்க வேண்டும், அன்று கொஞ்சம் முன்னதாகவே மொபெட் சத்தம் கேட்டது. ஜெபமாலை கையில் ஒரு பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு உக்கார நேரமில்ல டீச்சர். நாளைக்கு வாங்க."

"ஏன்?" என்றார் டீச்சர். கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தயாரானார். ஆனால் அவள் விடவில்லை.

"தையக்காரர் கடைய அடைச்சிருவாரு. தங்கச்சி மக கல்யாணம் வருதுல்ல. பழைய ஜாக்கெட்டு ஒன்னும் கை ஏற மாட்டேங்குது, அக்குள்ல பிடிக்குது. எல்லாத்தையும் பிரிச்சு விடணும். உள்ள துணி விட்டுத் தச்சிருக்கானான்னு தெரியல. போன தடவையே சொன்னேன், துணி விடுங்க துணி விடுங்கன்னு, அந்தாளு காதுல போட்டுக்கிட்டாத்தான..."

"ஏறுங்க" என்றார் டீச்சர்.

ஜெபமாலை பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நானும் அமலும் வாசலில் நின்று பார்த்தோம். தையற்காரரைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. தெருமுனை திரும்பும்வரை டீச்சரின் காதோரம் குனிந்து பேசிக்கொண்டே போனாள்.